இகிட்டோஸிலை எவடம்?

ஒஸ்லோவிலை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்தா, பொருத்தம் பாக்க ஐயரிட்டைப் போகமுதல் எனக்குத்தான் ரெலிபோன் அடிக்கிறவை. "சிறி அக்கா, உவை ஆர் ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." முப்பது வருசமா இதே கதைதான். பகலிலை மோர்டென்ஸ்ருட்டிலை ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை கரட் வெட்டுறன், பின்னேரத்திலை சனத்தின்ரை பூர்வீகத்தைக் கிளறுறன். எனக்குப் பின்னாலை 'சிஐடி சிறிதேவி' எண்டு சொல்லுறவையாம். சொல்லட்டுமே! அப்பிடிச் சொல்லுறவைதான் தங்கடை மகளுக்குப் பேசேக்கை முதல் ஆளா என்ரை வாசலிலை வந்து நிக்கிறவை.

என்ரை முறை லேசானது. அந்த ஊரிலை ஒராள், பக்கத்து ஊரிலை ஒராள், மூண்டாவதா அந்த வீட்டுக்காரரோடை கோவமா இருக்கிற ஒராள். மூண்டு பேரும் சொல்லுறது ஒத்து வந்தா அது உண்மை. சம்பந்தப்பட்ட வீட்டுக்காரரிட்டை மட்டும் ஒருநாளும் நேரை கேக்கிறேல்லை. முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: ஊரிலை எவடம்? கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ, வாய்க்காலுக்குக் கிழக்கையோ மேற்கையோ எண்டு தெரிஞ்சா மிச்சத்தைக் கேக்கத் தேவையில்லை. எதைக் கேக்கிறம் எண்டு கேக்கிற ஆளுக்கும் தெரியும், சொல்லுற ஆளுக்கும் தெரியும். சாதி எண்ட சொல்லை ஒருத்தரும் வாயாலை எடுக்காமலே அலுவல் முடிஞ்சிடும். நாங்கள் அவ்வளவு நாகரிகமான ஆக்கள்.

மார்ச் மாசம் ஒரு ஞாயிறு என்ரை தம்பி குலசேகரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் ஸ்ட்ரோம்மனிலை இருக்கிறான். மனிசி மலர் மோசம்போய் ஆறு வருசம். இருக்கிறது ஒரே மகள், தர்மிகா. அவள் காட்டையும் ஆத்தையும் பற்றி, ஒஸ்லோவுக்குக் கிட்ட ஓஸ் எண்ட ஊர்ப் பல்கலைக்கழகத்திலை படிச்சவள். கூடப் படிச்ச ஒரு பெடியனை விரும்பிப் போட்டாளாம். பேர் வில்மெர். ஊர் இகிட்டோஸ். பெரு நாட்டிலை, அமேசன் காட்டுக்கு நடுவிலை.

"கலியாணம் கட்டிக்கொண்டு அங்கையே போய் இருக்கப் போறாவாம்" எண்டான் தம்பி. 'அங்கையே' எண்டதைத் துப்பின மாதிரிச் சொன்னான்.

"ஜொப்பும் கிடைச்சிட்டுது மாமி" எண்டாள் தர்மிகா. "ஆத்துத் தண்ணி எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது எண்டு அளக்கிற வேலை. ஜூலையிலை இஞ்சை கலியாணம், ஓகஸ்டிலை போறம். அப்பா வந்து தாரை வாத்தா கோயிலிலை. இல்லாட்டி ராட்ஹூஸிலை, நகரசபையிலை, கையெழுத்தை வைச்சிட்டுப் போவன். அப்பா இல்லாத மணவறையிலை நான் இருக்க மாட்டன்."

"ஊர் தெரியாமல், ஆக்கள் தெரியாமல் நான் என்னெண்டு பிள்ளையைத் தாரை வாக்கிறது?" எண்டு தம்பி என்னைப் பாத்துத்தான் கேட்டான். "நீ விசாரி அக்கா. நீ சரி எண்டு சொன்னா நான் மணவறையிலை வந்து நிக்கிறன். இல்லாட்டி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டன்."

"சரி, மாமி விசாரிக்கட்டும்" எண்டாள் அவள். "எனக்கென்ன பயம்?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையளைக் கழுவப் போன நேரம் பாத்துத் தம்பி குனிஞ்சு குசுகுசுத்தான். "ஏதாவது ஒரு நொட்டை கண்டுபிடி அக்கா. உன்னாலை ஏலும்."

வந்ததே எனக்குக் கோவம்! "எழும்படா கதிரையை விட்டு" எண்டன். "என்னை ஆரெண்டு நினைச்சாய்? இருக்கிறதை இருக்கெண்டு சொல்லுவன், இல்லாததை இல்லையெண்டு சொல்லுவன். ஊரையும் விசாரிப்பன், வீட்டையும் விசாரிப்பன், உன்னைக் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு வருவன். இருந்து பார்." அவன் புறுபுறுத்துக்கொண்டு சப்பாத்தைக் கொழுவினான்.

இகிட்டோஸிலை ஒரு தமிழன் இருப்பான் எண்டு நினைச்சன். தமிழன் இல்லாத ஊர் உலகத்திலை இல்லை எண்டு மேடையிலை கத்துறவையை நம்பினது என்ரை பிழை. ரொறொன்ரோவுக்கு அடிச்சன், லண்டனுக்கு அடிச்சன், பேர்கனிலை கப்பலிலை வேலைசெய்த ஒருத்தருக்கும் அடிச்சன். அவர் சாவகாசமா யோசிச்சுப் போட்டு, "அது ஆபிரிக்காவிலை எல்லோ, தங்கச்சி?" எண்டார். ரெலிபோனை வைச்சிட்டன்.

கடைசியிலை ஆளை எங்கடை படிக்கட்டிலையே பிடிச்சன். ஏப்ரலிலை டுக்நாட், அதுதான் கட்டடத்திலை இருக்கிற எல்லாரும் சேந்து முத்தம் கூட்டுற நாள். ரெண்டாம் மாடி மேரினும் நானும் ஒரு பக்கம் சருகு வாரினம். எழுபது வயசு மனிசி, மரங்களை அளந்து வரைபடம் போடுற வேலை செய்தவ. இருபது வருசமா 'ஹெய்' எண்டதைத் தவிர நாங்கள் ஒரு சொல் கதைச்சதில்லை. அண்டைக்கு ஏதோ வாய் தவறி இகிட்டோஸ் எண்டன். அவ கையிலை இருந்த வாருகோலை விட்டிட்டா. "நான் அங்கை நாலு வருசம் இருந்தனான்" எண்டா. என்ரை கடவுளே! அந்த இடத்திலையே அவவைக் கட்டிப் பிடிக்காத குறை.

மேரினின்ரை மேசையிலை வரைபடத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி: "பஸ்ஸிலை போனா எந்தச் சந்தியிலை இறங்கோணும்?"

மேரின் விழுந்து விழுந்து சிரிச்சா. பஸ் போகாதாம். றோட்டே இல்லையாம். அஞ்சு லட்சம் சனம் மட்டிலை இருக்கிற பட்டினம், லொரேத்தோ எண்ட மாகாணத்தின்ரை தலைநகரம், அரசாங்கக் கச்சேரி, வழக்குப் பேசுற கோடு, பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கு. ஆனா வெளியிலை இருந்து உள்ளை வர ஒரு றோட்டு இல்லை. உள்ளுக்கை ஒரு றோட்டு நூறு கிலோமீற்றர் தள்ளி நவுத்தா எண்ட இடம்வரைக்கும் போய் ஆத்தங்கரையோடை முடிஞ்சு போகுது. போறதெண்டா பிளேன். இல்லாட்டிக் கப்பல்தட்டிலை துணித்தொட்டில் கட்டிப் படுத்துக்கொண்டு நாள்க்கணக்கா ஆத்திலை போகோணும். சந்தியில்லாத, பஸ் தரிப்பில்லாத ஊரிலை எவடம் எண்டு என்னெண்டு கேக்கிறது? எனக்குத் தலை சுத்திச்சுது. ஆனா விடுறதில்லை எண்டு கொப்பியைத் திறந்தன்.

மேரின் அங்கை குடியிருந்த வீட்டுக்காரி ஓல்கா அம்மா இன்னும் உயிரோடை இருந்தா. ஒவ்வொரு செவ்வாயும் எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி, அவைக்குக் காலமை ஒன்பது. அவ ஸ்பானிஷிலை சொல்ல, மேரின் நோர்வேஜியனிலை சொல்ல, நான் தமிழிலை எழுதுவன். பின்னாலை ஓயாமல் ஒரு இரைச்சல் கேக்கும். என்ன மெஷின் எண்டு கேட்டா, ஓட்டோவாம். மூண்டு சில்லு ஓட்டோ ஆயிரக்கணக்கிலை ஓடுதாம், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியை அப்பிடியே தூக்கிக் காட்டுக்குள்ளை வைச்ச மாதிரி. கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை மழை வந்து தகரத்திலை விழும். ஒரு சொல் கேக்காது. பத்து நிமிசம் நாங்கள் ரெண்டு பேரும் கோப்பி குடிச்சுக்கொண்டு இகிட்டோஸ் மழையைக் கேட்டுக்கொண்டு இருப்பம்.

அந்த ஊரைப் பற்றி நான் எழுத எழுத எனக்கே ஆசை பிடிச்சிட்டுது, உள்ளதைச் சொன்னா என்ன? ஆத்துத் தண்ணி ஒவ்வொரு வருசமும் மூண்டு மாடி உயரம் ஏறி இறங்குமாம். ஒருகாலத்திலை அமேசன் ஊரின்ரை வாசலோடை ஓடினதாம். பேந்து அது தன்ரை பாட்டிலை விலகிப் போக, இப்ப முன்னுக்கு ஓடுறது இத்தாயா எண்ட சின்ன ஆறாம். மரவள்ளிக் கிழங்கு எங்கடை சாமான் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன்? அது அந்தப் பக்கத்திலை இருந்துதான் எங்களுக்கே வந்ததாம். அங்கை அதை மாவாக்கி வறுத்து எல்லாத்துக்கும் மேலை தூவிச் சாப்பிடுறவை. றப்பராலை காசு கொட்டின காலத்திலை போர்த்துக்கல்லிலை இருந்து பூ ஓடு கொண்டுவந்து சுவரிலை பதிச்சு வீடு கட்டினவையாம், இரும்பாலையும் ஒரு வீடு நிக்குதாம். அந்த றப்பர்ப் பாலுக்காகக் காட்டுச் சனத்தை அடிச்சு வதைச்சதையும் மேரின் சொன்னா. ஓல்கா அம்மா அதைச் சொல்லேல்லை.

மே மாசம், நாங்கள் கதைக்கத் தொடங்கி அஞ்சாவது செவ்வாய்தான் வீட்டு விசாரணைக்கு வந்தன். வில்மெரின்ரை தாய் லுஸ்மிலா, பெலேன் சந்தையிலை மரவள்ளி மா விக்கிறவ, அவையைத் தெரியுமோ எண்டு கேக்கச் சொன்னன். ஓல்கா அம்மா மெல்லமா ஏதோ இழுத்துச் சொல்லிச் சின்னனா ஒரு சிரிப்புச் சிரிச்சா.

மேரின் நெத்தியைச் சுருக்கினா. "'பெடியன் நல்லவனா இருக்கலாம், படிச்சவன்தானே. ஆனா அவை கீழை இருக்கிற ஆக்கள். உங்களுக்கு விளங்கும்தானே' எண்டு சொல்லுறா. எனக்கு விளங்கேல்லை, சிறி. கீழை எண்டா என்ன? பள்ளக் காணியோ? ஓம், பெலேனுக்கு வெள்ளம் வரும், வீடுகள் தூணிலையும் மிதவையிலையும் நிக்கும். அதுக்கேன் சிரிக்கிறா?"

மேரினுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கிச்சுது. அந்த இழுவை, அந்தச் சிரிப்பு, அந்த 'விளங்கும்தானே'. ஸ்பானிஷ் தெரியாத எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. கதைச்சது ஓல்கா அம்மா, ஆனா குரல் என்ரை குரல்.

பதினாலு வருசத்துக்கு முன்னம் கம்சிகா எண்டொரு பிள்ளையைப் பற்றி மாப்பிளை வீட்டுக்காரர் என்னட்டைக் கேட்டவை. நான் ஒரு வசனம்தான் சொன்னனான். "பிள்ளை தங்கம், ஆனா அவை குளத்துக்கு அங்காலை, உங்களுக்கு விளங்கும்தானே." ரெண்டு கிழமையிலை பேச்சு நிண்டுபோச்சுது. அந்தப் பிள்ளை பேர்கனுக்கு மாறிப் போய் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யுது, இண்டைக்கும் தனியத்தான். போன வருசம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை என்னைக் கண்டிட்டு ஓடிவந்து "சுகமே அன்ரி?" எண்டு கேட்டது. தன்ரை சம்பந்தம் ஏன் நிண்டதெண்டு அதுக்குத் தெரியாது. மேரினின்ரை மேசையிலை இருந்து எனக்கு வந்தது சும்மா வெக்கமில்லை, நடுச்சந்தியிலை செருப்பாலை அடி வாங்கின வெக்கம். அந்தப் பிள்ளைக்கு நான் இனித்தான் மறுமொழி சொல்லோணும்.

"ஓல்கா அம்மாவிட்டைக் கேட்டது காணும், மேரின்" எண்டன். "இனித் தாயோடை கதைப்பம்."

முப்பது வருசத்து முறையை அண்டைக்கு முறிச்சன். தர்மிகாவிட்டை நம்பரை வாங்கி, வியாழக்கிழமை நாலு மணிக்கு மேரினை வைச்சு நேரை அந்த வீட்டுக்கே வீடியோவிலை அடிச்சன்.

லுஸ்மிலாவுக்கு என்ரை வயசுதான் இருக்கும். பலகை வீடு, பலகைக்குக் கீழை தண்ணி. பக்கத்து வீட்டுக்காரி வள்ளத்திலை வந்து யன்னலாலை உப்பு வாங்கிக்கொண்டு போறா. நான் சுத்தி வளைக்கேல்லை. "குடிப்பானோ?" எண்டன். சான் குவான் திருவிழாவுக்குக் குடிப்பானாம், அண்டைக்கு ஊரே குடிக்குமாம். "முந்தி வேறை பெட்டை இருந்ததோ?" இருந்ததாம், ரெண்டு வருசம், தர்மிகாவுக்கும் தெரியுமாம். "எங்கடை பிள்ளை இந்தத் தண்ணிக்கு மேலையோ இருக்கப் போகுது?" இல்லை, மேட்டிலை வாடகைக்கு வீடு பாத்திட்டினமாம். ஆனா விடிஞ்சா பொழுதுபட்டா தர்மிகா வேலைக்கு இந்தத் தண்ணிக்குத்தானே வரப்போறா எண்டு சிரிச்சா. புருசன் ஆத்திலை மூழ்கிச் செத்தவர், அப்ப வில்மெருக்கு நாலு வயசு. மா வித்துத்தான் அவ்வளவும் படிப்பிச்சவ. ஒண்டையும் ஒளிக்கேல்லை, ஒண்டுக்கும் தலை குனியவும் இல்லை. எனக்கு அவவைப் பிடிச்சுப் போச்சுது.

நான் இருபது கேள்வி கேட்டன். அவ கேட்டது ஒண்டுதான். "என்ரை பக்கத்திலை தகப்பன் இல்லை. பொம்பிளையின்ரை தகப்பன் வருவாரோ?"

"ஞாயிற்றுக்கிழமை, இதே நேரம் மறுமொழி சொல்லுறன்" எண்டன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரோம்மனுக்குப் போனன். தர்மிகா குசினியிலை நிண்டாள். தம்பிக்கு முன்னாலை இருந்து கொப்பியிலை எழுதின பதினொரு பக்கத்தையும் வாசிச்சன். முதலிலை முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு இருந்தவன், ஆறு விலகின கதைக்கு நிமிந்தான். பஸ் இல்லாத கதைக்குச் சிரிச்சான். மரவள்ளிக் கதைக்கு "மெய்யே?" எண்டான். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கெண்டதும், "அப்ப காடெண்டு சொல்லேலாது" எண்டு தானே சொன்னான். சரி, ஆள் வழிக்கு வாறான் எண்டு நான் நினைக்க, கேட்டான்.

"அதெல்லாம் சரி அக்கா. அவை எவடம்?"

"பெலேன். ஆத்துக்கு மேலை, தூணிலை நிக்கிற பலகை வீடு. தாய் சந்தையிலை மா விக்கிறவ."

"கீழை இருக்கிற ஆக்கள் எண்டு சொல்லன்." அவன்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் வந்துது. எனக்கு அதைக் காணப் பத்திக்கொண்டு வந்துது. "நான் நினைச்சனான். அப்ப சரிவராது எண்டுதானே சொல்லுறாய்?"

"சரி எண்டு சொல்லுறன்."

"என்ன சரி? விசர்க்கதை கதையாதை! ஒஸ்லோ முழுக்க உந்தக் கேள்வியைக் கேட்டுத் திரிஞ்சவள் நீ. ஊரான் வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு கதை, உன்ரை மருமகளுக்கு ஒரு கதையோ?"

"ஓம், கேட்டுத்தான் திரிஞ்சனான். அதுக்கு நான் செருப்படி வாங்கோணும், வாங்குவன்" எண்டன். "ஆனா நீ கேக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கேல்லை. தொண்ணூற்றஞ்சிலை நீ மலரைத்தான் கட்டுவன் எண்டு நிக்க, எங்கடை ஐயா ஊரிலை இருந்து எனக்குக் கடிதம் போட்டவர், அவை எவடம் எண்டு விசாரிச்சு எழுதெண்டு. நான் விசாரிச்சனான். எவடம் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ரை குசினியிலை நிலத்திலை இருந்து குழறினாய். நான் ஐயாவுக்கு என்ன எழுதினனான்? 'எங்கடை ஆக்கள்தான், எல்லாம் சரி' எண்டு எழுதினனான். முப்பது வருசத்திலை நான் எழுதின ஒரே பொய் உனக்குத்தான். உனக்கு ஒரு நியாயம், உன்ரை பிள்ளைக்கு ஒரு நியாயமோடா?"

"அம்மாவையுமோ?"

தர்மிகா குசினி வாசலிலை நிண்டாள். கையிலை துவாய். "அம்மாவையும் இப்பிடித்தான் எவடம் எண்டு பாத்தனீங்களோ, அப்பா?"

சுவரிலை மலரின்ரை படம் இருக்கு, அந்தப் பக்கம் திரும்பேலாமல் தம்பி நிலத்தைப் பாத்தான். அழுகிறான் எண்டு பிறகுதான் கண்டன்.

"எவ்வளவு தூரம், அக்கா" எண்டான். "நான் ஒரு ஊரை விட்டிட்டு வந்து, அப்பிடியே எல்லாரையும் ஒவ்வொருத்தரா விட்டு... மலரும் போட்டா. இவளும் றோட்டே இல்லாத இடத்துக்குப் போனா, எனக்கு ஏதும் எண்டா, அவளுக்கு ஏதும் எண்டா, நான் என்னெண்டு..."

"தூரமெண்டா தூரமெண்டு சொல்லு!" எண்டு கத்தினன். "தூரத்துக்கு அழு, நானும் உன்னோடை இருந்து அழுறன். அதுக்கு ஏன் அந்த மனிசியை இழுக்கிறாய்?"

மணி நாலு. நான் ரெலிபோனை எடுத்து லுஸ்மிலாவுக்கு அடிச்சு மேசையிலை தம்பிக்கு முன்னாலை நிமித்தி வைச்சன்.

"உந்த மனிசி என்னட்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. தன்ரை பக்கத்திலை தகப்பன் இல்லை, பொம்பிளையின்ரை தகப்பன் வருவாரோ எண்டு. அது என்ரை மறுமொழி இல்லை, உன்ரை மறுமொழி. நீயே சொல்லு. தர்மிகா, நீ வந்து இதிலை இருந்து ஸ்பானிஷிலை சொல்லிக் குடு."

லுஸ்மிலா நல்ல சட்டை போட்டுத் தலையிழுத்து வந்து இருந்தா. அவவுக்குப் பின்னாலை மழை. தம்பியைக் கண்டவுடனை எழும்பி நிண்டு, கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் நெஞ்சிலை வைச்சா. தம்பி கண்ணைத் துடைச்சான். அவனும் எழும்பி நிண்டான். தலை மேலை போட்டுது, ரெலிபோனிலை அவன்ரை வயிறுதான் தெரிஞ்சுது. நான் பிடிச்சு உயத்தினன்.

தம்பி அவவைப் பாத்துத் தமிழிலைதான் சொன்னான். "நான் வருவன் எண்டு சொல்லு பிள்ளை. அவன்ரை பக்கத்துக்குத் தகப்பன் இல்லையெண்டா, ரெண்டு பக்கத்துக்கும் நானே நிப்பன் எண்டு சொல்லு."

தர்மிகா சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரேல்லை. துவாயை முகத்திலை பொத்திக்கொண்டு மேசையிலை சாஞ்சிட்டாள். அங்கை லுஸ்மிலா பதறிப் போய் அவளைப் பாக்கிறா, தம்பியைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா, என்ன எண்டு கேக்கிறா. மாட்டனெண்டு சொல்லிப் போட்டார் எண்டு நினைச்சிட்டா போலை, முகம் செத்துப் போச்சுது.

அதுக்குள்ளை நான் பொறுக்கின ஸ்பானிஷ் ஒரே ஒரு சொல்லுத்தான், 'ஓம்' எண்டதுக்கு. ரெலிபோனைப் பறிச்சு என்ரை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு ஸ்ட்ரோம்மன் முழுக்கக் கேக்கக் கத்தினன்.

"சி! சி, லுஸ்மிலா! சி!"